தொப்பை போட்ட வைரம்

1

இந்தக் கதை ஒரு காலி இடத்திலிருந்து வந்தது. வட்ட வைரத்தின் சான்றிதழில் ‘வெட்டு’ எப்படி என்று ஒரு வரி இருக்கும். பிரின்சஸ் கட் எனப்படும் சதுர வைரத்தின் சான்றிதழில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது. அதை யாராவது கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சொல்லவேண்டியவர் வாங்கியவருக்கு உறவாக இருந்துவிட்டால்?

மழை தூறிய அந்த மாலையில், அவள் லென்ஸைக் கண்ணில் வைத்து

(வேண்டாம். மழையில் வைரம் பார்க்க முடியாது, வெளிச்சம் போதாது.)

2

வெயில் அடிக்கட்டும். வைரம் மதிப்பிடும் அக்கா; மேசைக்கு எதிரே தம்பி. அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மனைவிக்கு மோதிரம் செய்ய, யாரையும் கேட்காமல் தானே ஒரு வைரம் வாங்கியிருக்கிறான். வாங்கிய கடை இன்று சாயங்காலம் வரை திருப்பி எடுத்துக்கொள்ளும்.

“பாத்துச் சொல்லுக்கா. ஆனா நல்லதா சொல்லு.”

“அப்ப நான் எதுக்கு? நீயே சொல்லிக்கோ.”

“வாசல்ல நுழையாத ஃபிரிட்ஜ் வாங்கினவன்னு இன்னும் வீட்ல சிரிக்கிறீங்க. அவளும் சேர்ந்து சிரிக்கிறா. இது ஒண்ணாவது நானே பாத்து எடுத்தேன்னு அவகிட்ட சொல்லணும்.”

(முதல் வரைவில் இவனை ஏமாளியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சான்றிதழை மூன்று முறை படித்தவன் ஏமாளி இல்லை.)

3

அவன் படித்தது இதுதான்: மெருகு – மிக நன்று; சமச்சீர் – மிக நன்று. இரண்டையும் சேர்த்து வெட்டே மிக நன்று என்று எடுத்துக்கொண்டான். எல்லோரும் செய்கிற தவறுதான். மெருகு என்பது பட்டைகளின் வழவழப்பு. சமச்சீர் என்பது பட்டைகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்துவது. ஒரு சட்டையின் தையல் அத்தனை சுத்தமாக இருக்கலாம். ஆனாலும் போட்டால் தோள் இறங்கித் தொங்கலாம்.

அக்கா லென்ஸ் வைத்து நான்கு முனைகளையும் பார்த்தாள். சதுர வைரத்தில் முதலில் உடைவது முனைதான்.

“முனையெல்லாம் சுத்தமா இருக்குடா. நிறமும் நல்லா இருக்கு.”

(சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லாததைத் தள்ளிப்போடுகிறாள்.)

பிறகு லென்ஸைக் கீழே வைத்தாள். வெட்டை வெறுங்கண்ணால்தான் பார்க்கவேண்டும். விளக்கை அணைத்தாள். கடைவிளக்கின் கீழ் கண்ணாடித் துண்டுகூட மினுங்கும். ஜன்னல் வெளிச்சத்தில், கைநிழலில், கல்லை மெல்லச் சாய்த்தாள்.

நல்ல வெட்டு என்றால் மேலே நுழைகிற ஒளி அடிச்சரிவுகளில் பட்டு, திரும்ப நம் கண்ணுக்கே வரும். சாய்க்கச் சாய்க்க மினுங்கல் இடம் மாறும். நடுவிலும் இருக்கும், முனையிலும் இருக்கும். இந்தக் கல்லில் ஓரம் மட்டும் மினுங்கியது. நடுவில் ஓர் இருட்டு, எப்படிச் சாய்த்தாலும் நகராமல் உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் காரணம் தெரியும்: கல்லுக்குத் தொப்பை. எடை குறையக்கூடாது என்று பட்டை தீட்டியவர் அடியில் கனத்தை விட்டிருக்கிறார். தராசில் பெரிய கல், விரலில் சின்னக் கல்.

4

முடிவுகள்.

அ) “அருமையான கல்லுடா” என்கிறாள். அவன் விசிலடித்துக்கொண்டு போகிறான். (எழுதிப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திய பிறகு அவளை என்ன செய்யவைப்பது என்று தெரியவில்லை.)

ஆ) எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அவன் கல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, “சரி, நீயே ஒண்ணு பாத்து வை” என்கிறான். (இதில் நல்ல கல் கிடைத்துவிடும். அவன் மறுபடி ஃபிரிட்ஜ் வாங்கினவனாகிவிடுவான்.)

இ) இடுக்கியோடு கல்லை அவனிடமே நீட்டுகிறாள். “நீயே பாரு. மெதுவா சாய்.”

இதை வைத்துக்கொண்டேன். அவன் சாய்க்கிறான். மறுபடி சாய்க்கிறான். நெற்றி சுருங்குகிறது.

“நடுவுல ஏதோ இருட்டா இருக்கே. இது இப்படித்தான் இருக்குமாக்கா?”

இருக்கும் என்றால் இன்றைக்கு நிம்மதி. இருக்காது என்றால், இருட்டைத் தானே கண்டுபிடித்தவன் அடுத்த கல்லையும் தானே எடுக்கலாம். அல்லது இனி எதையுமே எடுக்காமல் போகலாம். எது நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அவளுக்கு அவசர வேலை கொடுத்து உள்ளறைக்கு அனுப்பிவிட்டேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள்.

கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.