இடது இருக்கை

காற்று தணியும்வரை தீயணைப்பு ஹெலிகாப்டர் எதுவும் எழும்பக் கூடாது என்று உத்தரவு. மற்றவர்கள் ஹெலிகாப்டர் நிழலில் படுத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கம்ஷத் மட்டும் மைதானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். கிழக்கே பைன் காட்டின் மேல் புகை பழுப்பாக எழுந்து பாதி வானத்தை மறைத்திருந்தது.

"ஏ கிரேன்காரி, நீ நடந்து நடந்து புல்லே தேஞ்சுபோச்சு. வந்து உக்காரு," என்றான் வாதிம். அவன்தான் அவர்கள் ஹெலிகாப்டரின் பொறியாளன்.

"உக்காந்தா தீ அணைஞ்சிருமா?"

"நடந்தா மட்டும் அணைஞ்சிருமா?"

பறக்க வருவதற்கு முன் அவள் தலைநகர் அஸ்தானாவில் கட்டட வேலைகளில் உயரக் கிரேன் ஓட்டியவள். ஒரு குளிர்காலத்தில் அவளுக்குக் கீழேயிருந்த மாடியில் தீப்பிடித்தது. மொட்டை மாடியில் சிக்கியவர்களைத் தீயணைப்பு ஹெலிகாப்டர் ஒன்று தூக்கிக்கொண்டு போனதை அவள் தன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி பார்த்தாள். அவளும் உயரத்தில்தான் இருந்தாள். ஆனால் ஓர் அடி நகர வழியில்லை. அதற்குப் பிறகு அந்தக் கூண்டில் ஒருநாள்கூட அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது கூடப் படித்தவர்கள் பலர் அவளைவிடச் சின்னவர்கள். பிறகு பல வருடம் வலது இருக்கையில், இரண்டாவது விமானியாக. இன்றுதான் முதல்முறையாக இடது இருக்கை, தலைமை விமானியின் இடம். கூடப் படித்து அவளுக்கு முன்பே தலைமை விமானியாகிவிட்ட யெர்கெபுலன் இன்று வலப்பக்கம் உட்கார்ந்து அவளைச் சோதிப்பான். அவன் சரி என்று சொன்னால் இனி அந்த இடம் அவளுடையது.

ரேடியோ அறையிலிருந்து யெர்கெபுலன் வேகமாக வந்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"காட்டுக் காவல் சாவடியிலேர்ந்து பதிலே இல்ல. மூணு பேரு உள்ள மாட்டியிருக்காங்க. அதுல உன் தம்பியும் ஒருத்தன்."

கம்ஷத் புகையைப் பார்த்தாள். தம்பி தெமிர்கான் நேற்றுதான் போனில் பேசியிருந்தான். இன்று தான் ஓட்டப்போவதை அவனிடம் சொல்லியிருந்தாள்.

"ஜானுசாக் அகாவுக்குத் தெரியுமா?"

ஜானுசாக் அந்தத் தளத்தின் தலைவர்; எல்லோருக்கும் 'அகா', அண்ணன். கறாரான மனிதர்.

"பேரு தெரியும். உன் தம்பின்னு தெரியாது. தெரிஞ்சா உன்ன இறக்கிவிட்டுருவாரு. சொந்தக்காரன் தீக்குள்ள இருக்கும்போது ஓட்டக் கூடாதுன்னு சொல்றது தப்பும் இல்ல."

"போய்ச் சொல்லப் போறியா?"

"அது உன் கையில இருக்கு. தீ அக்ஜார் ஊருக்குள்ள நுழையப் போகுது. நம்ம தண்ணி அங்க மட்டும்தான் விழணும். சாவடிப் பக்கம் புகை விலகினா வேற ஆளு போவாங்க. உன்னால முடியுமா? இல்ல, மேல போனதும் தம்பியத் தேடுவியா?"

"ஓட்டுறேன்."

"அது பதில் இல்ல, கம்ஷத்."

"அக்ஜார்லதான் போடுவேன். போதுமா?"

"ஒரு தடவ திசை மாறினாலும் ஓட்டுறது நான்," என்றான் அவன்.

காற்று கொஞ்சம் இறங்கியதும் கிளம்பினார்கள். அடியில் கம்பிவடத்தில் பெரிய வாளி தொங்கியது. தண்ணீருக்கு இரண்டு ஏரிகள் இருந்தன. பெரிய ஏரி திறந்த வெளியில், ஆனால் தூரத்தில். நாணல் ஏரி சின்னது, ஊருக்குப் பக்கம், புகை மண்டியது. அதைத் தாண்டினால் சாவடி.

"பெரிய ஏரிக்குப் போயிரலாமே," என்றான் யெர்கெபுலன்.

"இதுதான் பக்கம்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மறுக்கவில்லை.

வாதிம் கதவோரம் குப்புறப் படுத்துக் கீழே பார்த்து வழி சொன்னான். "இறக்கு... இன்னும்... மெல்ல, தாயே, மெல்ல... வாளி படுத்துருச்சு... நெறைஞ்சிருச்சு, தூக்கு!" விசிறிக் காற்றில் ஏரி கலங்கித் தெறித்தது. புகை வட்டமாக விலகி, அவர்கள் எழும்பியதும் மறுபடி மூடிக்கொண்டது. கிரேனில் பழகிய கை அவளுக்கு. வாளி ஆடப் போவதை அது ஆடுவதற்கு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும். அன்று அந்தக் கைக்குள் வேறு ஏதோ புகுந்துகொண்டு அரித்தது.

ஊரின் ஓரத்தில், மாட்டுக் கொட்டகைகளுக்கும் தீக்கும் நடுவில் கொட்டினார்கள். திரும்பினார்கள். மொண்டார்கள். மறுபடி கொட்டினார்கள்.

ஒருமுறை நிறைந்த வாளியோடு எழும்பும்போது புகை சட்டென்று கிழிந்தது. சாவடி தெரிந்தது. கோபுரம் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜீப் கருகிக் கிடந்தது. ஆள் யாரும் இல்லை.

ஹெலிகாப்டரின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. தான் திருப்பினோமா, அதுவாகத் திரும்பியதா என்று அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை. யெர்கெபுலனின் கை கட்டுப்பாட்டுக் கோலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொடவில்லை.

"கம்ஷத்."

"தெரியுது."

"அங்க யாரும் இல்ல."

"தெரியுதுன்னு சொல்றேன்ல!"

அவள் ஹெலிகாப்டரை அக்ஜார் பக்கம் திருப்பினாள். தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. வாதிம் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து காய்ந்த உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினான். "கடி," என்றான். கடித்தாள். திரும்ப ஏரிக்கு. திரும்ப ஊருக்கு. சாவடிப் பக்கம் பார்க்காமலிருக்க அவள் கழுத்தையே இறுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் காற்று திசை மாறி, தீ ஏற்கெனவே எரிந்த இடத்துக்கே திரும்பிப் படுத்தது. அக்ஜார் பள்ளி மைதானத்தில் இறங்கினார்கள். பெண்கள் ரொட்டியும் பாலும் கொண்டுவந்தார்கள். கம்ஷத் எதையும் தொடவில்லை. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் ஹெலிகாப்டரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அப்போது ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் இழுவண்டியில் தலை முதல் கால்வரை சேறாக மூன்று பேர். அவர்களில் ஒருவன் குதித்து இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா! எத்தனை தடவ எங்க தலைக்கு மேல வந்த தெரியுமா?"

கம்ஷத் அவன் தோளைப் பிடித்தாள், முகத்தைப் பிடித்தாள், காதைப் பிடித்துத் திருகினாள்.

"வலிக்குது, விடு! நாணலுக்குள்ள கழுத்தளவு சேத்துல உக்காந்திருந்தோம். ஈரக் கோட்டத் தலையில போட்டுக்கிட்டு. புகையில மூச்சு முட்டும். நீ வந்து தண்ணி மொள்ளும்போது உன் காத்து புகைய அடிச்சு வெளிய தள்ளிரும். அந்த நேரத்துல மூச்சு விட்டுக்குவோம். நீ போயிருவ. மறுபடி எப்ப வருவன்னு பாத்துக்கிட்டே இருப்போம். கூட இருந்த அபில் அழுதுட்டான், இனிமே வரலன்னா என்ன பண்றதுன்னு. நான்தான் சொன்னேன். இன்னிக்கு ஓட்டுறது எங்க அக்கா, அவ நம்மளப் பாத்தாச்சு, விட்டுட்டுப் போகமாட்டான்னு."

யெர்கெபுலன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"நான் உங்களப் பாக்கல," என்றாள் கம்ஷத்.

"என்னது?"

"பாக்கல, தெமிர். நீங்க அங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியாது. இந்த ஊருக்குத் தண்ணி எடுத்தேன். சாவடி எரியுறதப் பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

தெமிர்கான் முகத்தைத் தேய்த்தான். காய்ந்த சேறு அவன் கன்னத்தில் வெடித்து உதிர்ந்தது. பிறகு சிரித்தான், சிரிப்பு இருமலாகி அவனை வளைத்தது.

"அப்ப அபில்கிட்ட நான் பொய்தான் சொல்லியிருக்கேன். அவன்கிட்ட இதச் சொல்லிராத."

மறுநாள் ஜானுசாக்குக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கம்ஷத்தையும் யெர்கெபுலனையும் நிற்கவைத்துக் கத்தினார். "ஒழுங்காப் பறந்த. அதுக்காக ஒழுங்கா நடந்துக்கிட்டன்னு அர்த்தம் இல்ல," என்று கம்ஷத்திடம் சொன்னார். யெர்கெபுலனுக்குக் கிடைத்தது இன்னும் மோசம். அந்தக் கோடை முழுக்க அவள் தரையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. மற்றவர்கள் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, குழாய்களைச் சுருட்டிக்கொண்டு, யாரிடமும் பேச்சு கொடுக்காமல் கிடந்தாள்.

ஒருநாள் யெர்கெபுலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கலாமா? ஏன் அந்த ஏரி?"

"பக்கம்னு."

"அவ்வளவுதானா?"

"தெரியல. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. ஊருக்குப் பக்கம்னு எடுத்தேனா, அவனுக்குப் பக்கம்னு எடுத்தேனா, எனக்கே தெரியல."

"ரெண்டுமே ஒரே பக்கம்தான இருந்துச்சு."

"உனக்கு எல்லாமே லேசுடா," என்றாள் அவள். அவன் ஒரு குழாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

முதல் பனி விழுவதற்குள் ஜானுசாக் அவளைக் கூப்பிட்டார். அவள் தலைமை விமானியாகலாம் என்ற யெர்கெபுலனின் வார்த்தையை அவர் கடைசியில் ஏற்றுக்கொண்டிருந்தார். கைகுலுக்கிவிட்டு, "இனிமே ஏதாவதுன்னா என்கிட்ட மொதல்ல வந்து சொல்லு, கரிந்தாஸ்," என்றார். கோபமாக இருக்கும்போது அவர் யாரையும் இப்படித் தங்கை என்று அழைத்ததில்லை.

தலைமை விமானியாக அவளுடைய முதல் அழைப்பு தீக்கானது அல்ல. வெள்ளத்தில் துண்டிக்கப்பட்ட ஆற்றுத்தீவு ஒன்றில் ஒரு மேய்ப்பனின் மனைவிக்குப் பிரசவ வலி. அவள் போய் இறங்கியபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. தாயையும் சேயையும் ஏற்றிக்கொண்டு எழும்பினாள். குழந்தை வழியெல்லாம் வீறிட்டது.

"கத்தட்டும் விடு," என்று பின்னாலிருந்து சொன்னான் வாதிம். "உன்ன மாதிரியே இருக்கு, ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது."

கம்ஷத் சிரித்தாள். மருத்துவமனை இருந்த நகரம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டினாள்.