சம்பந்தி வீட்டுக் கோடி

புருசனின் தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டை பாலம்மாள் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"பைய கட்டு பாலம்மா. அவனுக்கு வலிக்கப் போவுது" என்றார் சங்கிலிபூதத்தான். செத்துக் கிடந்த அப்பாத்துரைக்கு அண்ணன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வலிக்காது அத்தான். இனிப் பேசவும் ஒண்ணுமில்ல."

முடிச்சை உச்சந்தலையில் போட்டு, ஒருதடவை இழுத்தும் பார்த்துக்கொண்டாள். அரிசி மில்லில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போன உடம்பு. விடியும்போது ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டது. அவள்தான் கொடுத்தாள். பாதி உள்ளே போனது, பாதி தலையணையில் வழிந்தது. அவ்வளவுதான்.

அழுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டைத் தட்டுவதற்கு முன்னால், போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருந்தாள். முதலில் தூத்துக்குடிக்கு, மகன் நயினாருக்கு. அடுத்தது மணப்பாட்டுக்கு.

"மைனி, முடிஞ்சிட்டு. கோடி எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் கிரேஸி. பின்னால் கடல் இரைச்சல் கேட்டது.

"நெசமாத்தான் சொல்லுதியளா மைனி?"

"நெசமாத்தான்."

"வெள்ளையா எடுக்கட்டுமா, கரை வச்சதா?"

"கரை வச்சது. நல்லாக் கண்ணுக்குத் தெரியணும்."

நயினார் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அவனும் கிரேஸியின் மகன் ஜெனிஸ்டனும் தூத்துக்குடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். கூட்டாளிகள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்படியில்லை, நாங்கள் சேர்ந்து வாழுகிறவர்கள் என்று நயினாரே ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னான். அன்றைக்கு அப்பாத்துரை கையை ஓங்கவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெண்டு பேருமாக மகனை வண்டியில் ஏற்றித் தெற்கே ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். பயல் உடம்பில் பெண்பேய் ஏறியிருக்கிறதாம். மிளகாய்ப் புகை போட்டு, வேப்பங்கம்பால் அடித்து, "எவட்டி நீ, பேரச் சொல்லு" என்று கேட்டார்கள். நயினார் தன் பேரைத்தான் சொன்னான். கேட்கக் கேட்க அதையேதான் சொன்னான். பாலம்மாள் வேலிக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே விடவில்லை.

அதோடு அவன் வீட்டுக்கு வருவதை விட்டான்.

பிறகு அவளுக்குச் சுற்றுகிற பீடியெல்லாம் கோணலாக வந்தது. பீடிக்கடையில் கழித்துப் போட்டார்கள். கூடச் சுற்றுகிற ஜுபைதா பீவிதான் கேட்டுக் கேட்டு விசயத்தை வாங்கினாள். கேட்டுவிட்டு, "அட போங்கக்கா, எங்க அக்கா மவளுக்கும் இதே கததான். பாளையங்கோட்டையில ஒரு மாடி ரூம்புல இப்படிப் பிள்ளையளப் பெத்தவங்க கூடுதாங்க. நான் கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றாள்.

குறுக்குத்துறை கோயிலுக்குப் போகிறேன் என்று புருசனிடம் சொல்லிவிட்டு பாலம்மாள் பாளையங்கோட்டைக்குப் போனாள். மாடி ரூமில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள். சின்ன வயசுதான்.

"இது சீக்கு இல்லம்மா. பேயும் இல்ல. நீங்க வளத்ததுலயும் கொறை இல்ல. சில ஆம்பளைங்களுக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு போகும், சில பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்க மேல. தன்பால் ஈர்ப்புன்னு சொல்லுவோம். இதுக்கு மருந்து கிடையாது, மாத்துதேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. பிள்ளைக்குப் போன் பண்ணுங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க. அது போதும்."

தன்பால் ஈர்ப்பு என்கிற அந்த வார்த்தையை பாலம்மாள் திரும்பி வருகிற பஸ்ஸில் தச்சநல்லூர் வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழையாமல் தெருமுனையில் நின்று மகனுக்குப் போன் பண்ணினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள்.

கிரேஸியைப் பார்த்ததும் அந்த ரூமில்தான். இன்னாருடைய அம்மா என்று தெரிந்ததும் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். கிரேஸிதான் முதலில் சிரித்தாள். "நமக்குள்ள என்ன மொறை வரும்?"

"மைனிதான். வேற என்ன வரும்?"

ஒரு பொங்கலுக்குச் சோற்றை வைத்துவிட்டுப் புருசனிடம் பாலம்மாள் பைய ஆரம்பித்தாள். மகனையும் அந்தப் பயலையும், அவன் அம்மாவையும், ஒரு நேரம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா என்று. பக்கத்து இலையில் சங்கிலிபூதத்தான்.

அப்பாத்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நான் உசுரோட இருக்க வரைக்கும் அந்தப் பய வீட்டாளு எவனும் இந்த வாசல மிதிக்கப்படாது."

"சரியாச் சொன்னே" என்றார் அண்ணன்.

"சரி" என்றாள் பாலம்மாள். ரெண்டு பேருக்கும் குழம்பு ஊற்றினாள். அன்றிலிருந்து அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவர் செத்த அன்றைக்கு மத்தியானம் நயினார் வந்து இறங்கினான், ஜெனிஸ்டனோடு. சங்கிலிபூதத்தான் வாசலை மறித்துக்கொண்டு பந்தல்காலைப் பிடித்து நின்றார்.

"பெத்த மவன், நீ கொள்ளி வையி, நான் தடுக்கல. அவன் அங்கன தெருவுலயே நிக்கட்டும்."

ஜெனிஸ்டன் தெருவிலேயே நின்றுகொண்டான். நயினார் அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தான். "எம்மா, அவங்க அம்மா வாறாவளாமே. இன்னைக்கு எதுக்கும்மா? அப்பா போற அன்னைக்காவது சண்ட வேண்டாம்."

"சண்ட போடல லே. நீர்மாலைக்கு நேரமாவுது, போ."

"எனக்காகவா செய்யுதே?"

அவள் பிணத்தின் காலில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பி, குளிப்பாட்டி முடித்ததும் கோடி. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புதுத்துணி கொண்டுவந்து போர்த்த, சங்கு ஊதுகிறவர் இன்னார் வீட்டுக் கோடி என்று தெருவுக்கே கேட்கிறாப்போலச் சொன்னார். கடைசியாகப் போடுவது பிள்ளைக்குச் சம்பந்தம் செய்த வீட்டுக் கோடி. அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கும். அதோடுதான் பாடை கிளம்பும்.

"சம்பந்தி வீட்டுக் கோடி உண்டுமா?" என்று சங்குக்காரர் வழக்கம்போலக் கேட்டார்.

"எங்கன உண்டும்? அதான் ஊருக்கே தெரியுமே. தூக்குங்க வே" என்றார் சங்கிலிபூதத்தான்.

"உண்டும்" என்றாள் பாலம்மாள்.

ஒரு வேன் வந்து நின்றிருந்தது. கிரேஸி இறங்கினாள். கையில் தாம்பாளம், அதில் மடித்த வேட்டி, சிவப்புக் கரை. பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டபடி ஜுபைதா பீவி. மாடி ரூமில் பார்த்த முகங்கள் இன்னும் நாலைந்து. கிரேஸி கழுத்துச் சிலுவையை ஒருதடவை தொட்டுக்கொண்டு நேரே பந்தலுக்கு வந்தாள்.

"யாரு இது?" என்றார் சங்கிலிபூதத்தான். அவருக்குத் தெரியும்.

"எம் மவனுக்குச் சம்பந்தக்காரி."

"கேவலப்படுத்தாத பாலம்மா. அவன் என்ன சொல்லிட்டுப் போனான்னு தெரியும்லா?"

"தெரியும். நீங்களும் பக்கத்து எலையிலதான இருந்திய. உசுரோட இருக்க வரைக்கும் வரப்படாதுன்னாரு. நான் ஒரு நாளு மீறினனா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "இப்ப உசுரு இருக்கான்னு நீங்களே தொட்டுப் பாத்துச் சொல்லுங்க அத்தான். இருக்குன்னா அவங்க இப்பமே போயிருவாங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். கட்டிய நாடியும் மூக்கில் பஞ்சுமாக அது கிடந்தது. கூட்டத்தில் பீடிக்காரப் பொம்பளை ஒருத்தி, "தொட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் சிரித்ததுபோலத்தான் இருந்தது.

சங்குக்காரர் தொண்டையைச் செருமினார். "நேரமாவுது அண்ணாச்சி. பேரு என்ன சொல்லட்டும்?"



"மணப்பாடு கிரேஸி. நயினாருக்குச் சம்பந்தி வீடு" என்றாள் பாலம்மாள். "சத்தமாச் சொல்லுங்க."

அவர் சொன்னார். தெருமுனையில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கிரேஸி வேட்டியை உதறி விரித்தாள். எட்டு முழம். ஒற்றை ஆளாகப் போர்த்த முடியாது, மறுமுனையை யாராவது பிடிக்கவேண்டும். ஒருவரும் அசையவில்லை. இதைப் பாலம்மாள் யோசித்து வைத்திருக்கவில்லை. அவள் எழுந்திரிக்கக் கையை ஊன்றுவதற்குள் நயினார் வந்துவிட்டான். நீர்மாலைத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையைப் பிடித்து அப்பாவின் காலில் இருந்து நெஞ்சு வரைக்கும் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டான். நெஞ்சில் வந்ததும் அவன் கை கொஞ்சம் நின்றது. பிறகு எடுத்துக்கொண்டான்.

பாலம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

பாடை தூக்கினார்கள். பின்மூங்கிலில் ஒரு தோள் குறைந்தது. தெருவில் நின்ற ஜெனிஸ்டன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தான். முன்மூங்கிலில் சங்கிலிபூதத்தான். கனத்த உடம்பு, வயசான தோள். ரெண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

ஆற்றுப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. வேட்டியின் முனை பிய்த்துக்கொண்டு அவர் முகத்தில் விழுந்தது. தலையை உதறினார். விலகி, திரும்பவும் வந்து விழுந்தது. கையை எடுக்க வழியில்லை.

"மைனி, உள்ள வாங்க, வெயிலு" என்றாள் கிரேஸி.

"இருங்க மைனி."

பாடை தெரு திரும்புகிற வரைக்கும் பாலம்மாள் அந்தச் சிவப்புக் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.