சூயியின் அட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் யாருடையது என்பதில்தான் திண்டாடுகிறேன். முதலில் மின்சாவின் தலையில் கட்டிப் பார்த்தேன். பொருந்தவில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பருத்தி எடுக்கும் மாதத்தில், பட்டப்பகலில், தாடை தொங்கிய ஒரு நாய் ஊருக்குள்..." (நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் அந்த நாயைப் பார்த்துத்தான் பயப்படுவீர்கள்.)

2

மின்சாவுக்குக் கணவர் இல்லை. ஒரு மகள், கொஞ்சம் பருத்திக்காடு, பதினோரு ஆடுகள், சூயி என்கிற மஞ்சள் நாய்.

அந்த வெறிநாய் ஆட்டுப்பட்டிக்குள் நுழையப் பார்த்தபோது சூயிதான் மறித்து, கழுத்தில் கடி வாங்கியது. ஊரார் தடியோடு ஓடிவந்து வெறிநாயை அடித்துக் கொன்று எரித்தார்கள். மின்சா சூயியை மடியில் போட்டுக்கொண்டாள். அதன் கழுத்தெல்லாம் வழிந்த எச்சிலைத் தான் இடுப்பில் சுற்றியிருந்த காங்காத் துணியால் துடைத்து, உப்புத் தண்ணீர் விட்டு, வெறுங்கையால் கழுவினாள். காலையிலிருந்து பருத்தி பறித்த கை. பருத்திக்காயின் ஓடு கீறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

(இந்தப் பத்தியைப் பாசத்துக்காக எழுதினேன். திரும்பப் படித்தபோது எச்சிலும் வெடித்த விரலும்தான் கண்ணில் பட்டன.)

3

மறுநாள் சூயியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கால்நடை அலுவலரிடம் வந்தாள். தடுப்பூசி போட்ட நாய் என்றால் இன்னொரு ஊசி போட்டு, நாற்பத்தைந்து நாள் கட்டிவைத்துப் பார்க்கலாம். போடாத நாயைப் பெரும்பாலும் கொன்றுவிடத்தான் சொல்வார்கள். மின்சா இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஊசி அட்டையை நீட்டினாள். சூயி, மஞ்சள் நிறம், ஆண். தேதி இரண்டு வருடத்துக்கு முந்தியது. நாய்க்கோ ஒரு வயதுகூட இருக்காது.

"அக்கா, இது எந்தச் சூயி?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குற? எங்க வீட்டுக்கு ஒரு சூயிதானே. பழசு போன மழையில செத்துச்சு, இது வந்துச்சு. அட்டை வீட்டோடது. பத்திரமா வச்சிருக்கேன் பாரு."

முதல் பிரதியில் அவளை இந்த இடத்தில் கள்ளத்தனமாகச் சிரிக்க வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். ஒரு நாய் செத்தால் அடுத்ததற்கும் அதே பெயர் வைக்கிற வீடு அது. பெயரோடு ஊசியும் சேர்ந்தே வரும் என்று மனதார நம்பினாள்.

"கொல்லணும்னு மட்டும் சொல்லிராத தம்பி. இது இல்லேன்னா கழுதைப்புலி ஒரே வாரத்துல பட்டியக் காலி பண்ணிரும்."

அலுவலர் பதிவேட்டில் எழுதினார்: தடுப்பூசி போடப்பட்ட நாய்.

4

போதும் இந்த "அலுவலர்". அது நான்தான்.

அன்று காலையில் ஏற்கெனவே இரண்டு நாய்களைக் கொன்றிருந்தேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை. இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி போடாத நாய் என்று எழுதியிருந்தால், அதை யார் யார் தொட்டார்கள், கையில் காயம் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கையைப் பார்க்கவில்லை என்று இந்தக் கதையின் முதல் பிரதியில் எழுதி வைத்திருந்தேன். அதுவும் பொய். பார்த்தேன். கேட்கவில்லை.

5

முடிவு ஒன்று: நாற்பத்தைந்தாம் நாள் சூயி வாலாட்டுகிறது, நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். (அவள் துடைத்தது சூயியின் எச்சிலை அல்ல, செத்த வெறிநாயின் எச்சிலை. சூயி பிழைத்தாலும் அவளுக்கு அது உத்தரவாதமில்லை.)

முடிவு இரண்டு: விரல் குறுகுறுக்கிறது என்கிறாள் மின்சா. மகள் தண்ணீர்க் குவளையை நீட்ட, அவள்...

இதை எழுத மாட்டேன்.

மூன்றாவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தகவல் மட்டும் தருகிறேன். இன்று இருபதாம் நாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சூயிக்குத் தினமும் சோளக்களி உருட்டிப் போடுகிறாள். இன்றைக்கு மருத்துவமனைக்குப் போனாலும் ஊசி போட்டுக்கொள்ளலாம், காலம் கடந்துவிடவில்லை. நான் போய்ச் சொன்னால் சூயி போகும், என் வேலையும் போகும். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவள் வீடு மோட்டார் பைக்கில் முக்கால் மணி நேரம்.