பதியுதீனின் காலில் ஏறிய களப்பு

போர் முடிந்த மூன்றாம் வருடம், தென்மேற்குக் காற்று தொடங்கிய வாரத்தில், கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் புத்தளம் களப்பு பதியுதீனின் கால்களில் ஏறியது. களப்பு வற்றும்போது கணுக்கால் எலும்பு தெரியும். பெருகும்போது முழங்கால்வரை வீங்கும். விரலால் அமர்த்தினால் குழி விழும், குழியில் உப்புத் தண்ணீர் ஊறும். ஒருமுறை அதில் இறால் குஞ்சொன்று துள்ளியது. மனைவி றுக்கியா அதைச் சிரட்டையில் எடுத்துப்போய்க் களப்பில் விட்டாள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் வேலிக்கு வெளியே நின்று, "மதினி, நானாட கால் எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளினார்கள்.

அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. உப்பளத்தில் வளர்ந்தவர் என்பதால் அவர் கணக்கு நேரானது: வருத்தம் சீனி என்றால் மருந்து உப்பு. பிளேன்டீயில் உப்பு, பாணுக்கு உப்பு, கஞ்சியில் கைப்பிடி உப்பு. சிறுநீர் நுரைத்தபோது, காற்றுக் காலத்தில் களப்பும் நுரைக்கத்தானே செய்யும் என்றார். கிளினிக்கில் சிலாபத்துத் தாதி பிரான்சிஸ்கா அவர் காலை அமர்த்திப் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"சீனிக்கு உப்பு மருந்தெண்டு ஆர் நானா சொன்னது? சீனி உங்கட கிட்னியைச் சல்லடையாக்கிப் போட்டுது. இப்ப உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்குது. உப்பை விடுங்க. தண்ணியும் அளந்துதான் குடிக்கணும்."

"என்ட வாப்பா, அவர்ட வாப்பா, எல்லாரும் உப்பாலதான் சோறு திண்ட. அதைப் பகைக்கச் சொல்றீங்களா?" என்றார் பதியுதீன். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு உப்புக் கஞ்சி குடித்தார்.

அந்த ஹஜ் மாதத்தில் ஏறிய வெள்ளம் வற்றவில்லை. தொடையைக் கடந்து நெஞ்சுக்கு வந்தது. படுத்தால் மூச்சுக்குள் அலையடித்தது. பக்கத்துப் பாயில் கிடந்த றுக்கியாவின் தலைமுடி நனைந்தது. அவள் அவரைக் கதிரையில் நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் குந்திக்கொண்டாள்.

"மச்சான், உப்புப் பாத்தி நிறைஞ்சு கிடக்கக்குள்ள களப்பு மடையத் திறப்பீங்களா?"

"எந்த மடையன் திறப்பான்? வரம்பு உடைஞ்சிடும்."

"நீங்கதான் அந்த மடையன்."

பதியுதீன் சிரித்தார், சிரிப்பு மூச்சிரைப்பில் போய் முடிந்தது. "சரி, அடைச்சு விடு," என்றார்.

உப்புச் சட்டி அன்றே பக்கத்து வீட்டுக்குப் போனது. ஒரு நாளைத் தண்ணீர் ஒரு போத்தலுக்குள் அடங்கியது. காலையில் அவர் பாயில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை றுக்கியா கூட்டி வாரினாள். ஆனால் சல்லடையான கிட்னி திரும்பி வரவில்லை. திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரி இயந்திரத்தில் அவர் இரத்தத்தைக் கழுவினார்கள், தேங்கிய தண்ணீரை இறைத்தார்கள். முதல் திங்களன்று, அவர் அங்கே படுத்திருந்த நேரத்தில், களப்பு ஒரு சாண் இறங்கியது. வள்ளங்கள் சேற்றில் சரிந்தன. களப்பும் திங்கள், வியாழன் சுன்னத்து நோன்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள் ஊரார். இரண்டு மாதத்தில் அந்தப் பகிடியும் பழசாகிவிட்டது.

வருடங்கள் போயின. அந்த இரு நாட்களிலும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மையத்து அறிவித்தல்களோடு, பதியுதீன் நானா ஆஸ்பத்திரிக்குப் போகிறார், வள்ளங்களை ஆழத்தில் கட்டுங்கள் என்றும் சொல்கிறது. றுக்கியா கரைக்குப் போய் நிற்பாள். தண்ணீர் மெல்ல விலகிச் சேறு தெரிந்ததும், மனுசனுக்கு மூச்சு வந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பி, உப்பில்லாத கஞ்சியை அடுப்பில் வைப்பாள்.