பின்னால் சாய்ந்த பாய்மரம்

வேட்டி நழுவாமலிருக்க மகனின் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள் தாட்சாயினி. டினோஜன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அம்மா, அந்தப் பொத்தானை நான் அமத்தமாட்டன். பெரியப்பா அமத்தட்டும்."

பக்கத்து மண்டபத்தில் அவன் அப்பா இரவிச்சந்திரன் சவப்பெட்டிக்குள் கிடந்தார். தேவாரம் முடிந்ததும் பெட்டி கண்ணாடிக்கு அப்பாலுள்ள உலைக்குப் போகும். இங்கே கொள்ளி வைப்பது என்றால் மகன் ஒரு பொத்தானை அழுத்துவதுதான்.

"ஏன் ராசா?"

"நீந்தத் தெரியாத உங்களை ஏரிக்கு நடுவில கொண்டு போனவர். நெஞ்சு வருத்தக்காரன். அவர் நெஞ்சடைச்சு விழுந்த நேரம் வள்ளம் கவிண்டிருந்தா? இண்டைக்கு ரெண்டு பெட்டி."

பெரியப்பா கதவால் தலையை நீட்டினார். "ஐயருக்கு லாவாலில இன்னொரு செத்தவீடு இருக்காம், துள்ளுறார். ஒரு பெல்ட்டுக்கு இவ்வளவு நேரமே?"

"வாறம் அத்தான். அஞ்சு நிமிசம்."

கதவைச் சாத்திவிட்டு மகனைக் கதிரையில் இருத்தினாள். தேவாரப் புத்தகத்தை மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு பேனையை நிமிர்த்திப் பிடித்தாள்.

"போன கோடையில ஒட்டாவாவிலயிருந்து வந்து என்ன செய்தனீ?"

"பாய்மரம் பின்னால சாய்ஞ்சு கிடந்தது. நிமித்தி விட்டனான். அப்பா பிழையாக் கட்டியிருந்தவர். அதுதான் வள்ளம் இழுபட்டு இழுபட்டு ஓடினது."

"பிழையில்லை." அவள் பேனையைப் பின்னால் சாய்த்தாள்.

இரண்டு உடல்கள் கொண்ட சின்னக் கட்டமரான் அது. பாய்மரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் கம்பியின் அடியில் வரிசையாகத் துளைகளுள்ள ஒரு தகடு. ஆணியை ஒரு துளை மாற்றினால் கம்பி சற்று நீளும், மரம் பின்னால் சாயும். மரத்தோடு பாயும் பின்னால் போவதால் காற்று வள்ளத்தின் பின்பக்கத்தையே கூடுதலாகத் தள்ளும். மூக்கு எப்போதும் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கான் தடியைப் பிடித்திருப்பவர் ஓயாமல் அதை மறித்துக்கொண்டிருக்க வேண்டும். கை வலிக்கும், வேகம் குறையும். ஆனால் தடியை விட்டுவிட்டால் வள்ளம் தானாகவே காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுவிடும். நிமிர்ந்த மரத்துக்கு அந்தக் குணம் குறைவு. வள்ளம் தன்பாட்டில் ஓடும், கவிழவும் கூடும்.

"நீ போன அடுத்த நாளே ஆணியைத் திருப்பி மாத்தினவர். நான்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கரைச்சல் குடுத்தனான். 'எனக்கு இனி என்ன ரேஸ், தாட்சா? என்ர கை விட்டாலும் இது நிக்கோணும்' எண்டவர். உன்னட்டைச் சொல்லவேண்டாமாம், பெடியன் ஆசையாச் செய்தவன் எண்டு."

டினோஜன் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை கை விட்டிட்டுது. வள்ளம் மெல்லத் திரும்பிச்சு, நிண்டுது. பாய் மட்டும் படபடவெண்டு அடிச்சது. 'பயப்பிடாதை, நிக்கும்' எண்டார். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. மீட்பு வள்ளம் வர இருவது நிமிசம். அவ்வளவு நேரமும் தலை என்ர மடியிலதான். ஆஸ்பத்திரியில எண்டா என்னை வெளியில இருத்தியிருப்பினம். அந்த இருவது நிமிசத்தை அவர்தான் எனக்குத் தந்தவர், தம்பி."

அவன் நிமிர்த்தியபடியே மரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சொல்லவில்லை. டினோஜன் பெல்ட்டின் மிச்ச நுனியைத் தானே செருகிக்கொண்டு எழுந்தான்.

உலை அறைச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. டினோஜன் பெருவிரலால் அதை அழுத்தினான். கண்ணாடிக்கு அப்பால் இரும்புக் கதவு மேலே எழுந்தது. பெட்டி உள்ளே நகர்ந்தது. கதவு இறங்கியது.

"சே போன், மெஸ்யூ," போதும் என்று பிரெஞ்சில் சொன்னார் பணியாளர், தணிந்த குரலில். ஒருமுறை அழுத்தினால் போதும், மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

டினோஜன் விரலை எடுக்கவில்லை.