பதினான்கு பேருக்கு உப்புமா

1

இந்தக் கதையை நான் திருடினேன்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கைப்பேசியிலிருந்து எதையோ அனுப்பி அச்செடுக்கச் சொன்னாள். காகிதம் வந்துகொண்டே இருந்தது.

"இன்னாக்கா, கோர்ட்டு கேஸா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணா. கிரெடிட் கார்டு பில்லு. நாப்பத்தோரு மாசம்."

"இவ்ளோத்தையும் யார்கிட்ட குடுக்கப் போறீங்க?"

"வூட்ல காட்டணும்."

காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். என்னிடம் இருப்பது அந்தக் கடைசிச் சொற்கள் மட்டுமே. பெயர், கணவன், வீடு எல்லாம் நான் வைத்தவை.

2

முதல் வரிக்காக எழுதிப் பார்த்தவை:

"சந்திரகலாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை." [யாருக்குத்தான் வருகிறது.]

"கடன் என்பது ஒரு" [முடிக்கவில்லை. முடிக்க எனக்குத் தகுதி இல்லை.]

"சந்திரகலா கூட்டிப் பார்த்தாள்."

இது நின்றது.

3

சந்திரகலா கூட்டிப் பார்த்தாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அவளுக்கு வேலை. தங்க வருகிறவர்களுக்கு பில் போடுகிறவள். கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. அடுத்தவர் கணக்கில்.

மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், நாற்பத்தொரு மாதங்களையும் மூன்று வரிசையாகப் பிரித்தாள்.

கார்டில் வாங்கியது: மூன்று லட்சத்து எட்டாயிரம்.
இதுவரை கட்டியது: மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
இன்னும் கட்ட வேண்டியது: ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

மறுபடி கூட்டினாள். அதே எண்கள். வாங்கியதற்கு மேலாகவே கட்டியாயிற்று. கட்டக் கட்ட அது வளர்ந்திருக்கிறது.

மலையைத் தினமும் பார்க்கிறவள் அவள். அதன் அளவு அவளை ஒருநாளும் திகைக்க வைத்ததில்லை. இந்த எண்ணின் முன் திகைத்து உட்கார்ந்திருந்தாள். மாதத்துக்கு மூன்றரை வட்டி. யாரும் அதட்டவில்லை, வாசலில் வந்து நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் இவ்வளவு பெரிதாக ஒன்று வீட்டுக்குள் வளர முடியுமா?

(பயம் என்றுதான் முதலில் எழுதினேன். பயம் இல்லை அது. கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனின் கழுத்து வலி.)

4

கணவன் சகாதேவனை முதல் வரைவில் குடிகாரனாக்கினேன். வசதியாக இருந்தது. இரண்டாம் வரைவில் சீட்டாடினான். அதுவும் வசதி. இரண்டையும் கிழித்தேன்.

சகாதேவன் அரசுப் பேருந்தில் நடத்துநர். நல்லவன். சில்லறை பாக்கி வைக்காதவன். அவன் செய்த தவறு ஒன்றுதான். பில்லில் 'கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று இருந்ததைத் தவணை என்று நம்பினான். தேதி தவறாமல் அதைக் கட்டினான். ஒருநாள்கூடத் தாமதமில்லை என்று அவனுக்குப் பெருமை.

காகிதங்களைக் காட்டியபோது அவன் கேட்டது:

"மாசா மாசம் கட்னமே?"

"கட்னோம்."

"அப்போ கம்மியாவலையா?"

"ஜாஸ்தியாயிருக்குதுங்க."

அவன் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். பயணிகளை எண்ணுவதுபோல் உதடுகள் அசைந்தன. ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தினான்.

"மாசத்துல ஒரு நாளுலயே எல்லாச் செலவும் இருக்குதே."

"பௌர்ணமி" என்றாள் சந்திரகலா.

5

இந்த ஊரில் வீடு இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களில் சிலருக்கு ஊருக்குள் சொந்தக்காரர் உண்டு. அந்த வீடுகளில் அன்று உலை இறங்காது.

சகாதேவனின் அக்கா பாஞ்சாலை முதலில் மகளோடு வந்தாள். பிறகு மருமகன் வேணுவும் வந்தான். பிறகு வேணுவின் அண்ணன் குடும்பம், பாஞ்சாலையின் கொழுந்தன் குடும்பம். இப்போது பதினான்கு பேர். இட்லி, கேசரி, வடை. விடிந்து கிளம்பும்போது பெண்களுக்கு ரவிக்கைத் துணி. ஒரு பொங்கலுக்கு எல்லோருக்கும் புடவை. கூட்டம் பெருகியதால் பெரிய குளிர்ப்பெட்டி. அப்புறம் பெரிய கிரைண்டர். கார்டைத் தேய்த்தால் ஆயிற்று.

"அக்கா முன்னால இல்லன்னு சொல்ல முடியுமா?" என்பான் சகாதேவன். அப்பா போனபின் அவனைப் பள்ளிக்கு அனுப்பியவள் பாஞ்சாலை.

6

இந்தப் பகுதி கட்டுரைபோல் இருக்கும். தாண்டிப் போகலாம். நான் தாண்டவில்லை, என்னை அதிசயிக்க வைத்தது இதுதான்.

சந்திரகலா வங்கிக்குப் போனாள். நிலுவை முழுவதையும் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்டாள். தந்தார்கள். இருபத்து நான்கு மாதம். மாதம் ஒன்பதாயிரத்து நூற்றுச் சொச்சம். ஏறக்குறைய அவர்கள் கடைசி மாதங்களில் கட்டிவந்த அதே தொகை.

அதே பணம். நேற்றுவரை குழியில் விழுந்தது, இன்றுமுதல் குழியை மூடுகிறது. நடுவில் ஒரு கையெழுத்துதான். இந்த எளிமையைப் பார்த்து வெகுநேரம் எழுதாமல் இருந்தேன்.

நிபந்தனை ஒன்று. கார்டு இனி இல்லை. சம்பளம் வந்த அன்றே பணத்தை உறைகளில் பிரித்தாள். அரிசி, பால், கரண்ட், பள்ளி. ஒரு உறையில் 'பௌர்ணமி' என்று எழுதினாள். அதில் அறுநூறு ரூபாய் இருந்தது.

அறுநூறு ரூபாயில் பதினான்கு பேருக்கு இரண்டு வேளை என்ன செய்ய முடியும்? உப்புமா.

7

பௌர்ணமி. மாலை நான்கு மணி. இந்தக் காட்சியை நான்கு முறை எழுதினேன்.

முதல் முறை அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போய்விட்டார்கள். [கோழைத்தனம். என்னுடையது.]

இரண்டாம் முறை சந்திரகலாவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னார்கள். [அடுத்த பௌர்ணமிக்கு எந்த நோய்?]

மூன்றாம் முறை சந்திரகலா எழுந்து நின்று பேசினாள். நன்றாகப் பேசினாள். என்னைப் போலவே பேசினாள். [ஆகவே கோடு போட்டு அடித்தேன்.]

நான்காவது இது.

பதினான்கு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலை தட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, உப்புமா? யாரு வூட்ல சாவு?"

"அதில்ல அண்ணி..."

"கிரைண்டரு ரிப்பேரா?"

"அத்தை, உடுங்க. உப்புமாவும் சோறுதான்" என்றான் வேணு.

"மருமவனே, நீ வாயத் தொறந்தா துன்றதுக்கு மட்டும் தொற. டேய் தம்பி, உன் பொண்டாட்டிக்கு நாங்க வர்றது புடிக்கலையா? நேராச் சொல்லு."

சந்திரகலா அலமாரிப் பக்கம் திரும்பினாள். காகிதங்கள் அங்கே இருந்தன. அவள் பேசுவாள் என்றுதான் நான் காத்திருந்தேன்.

சகாதேவன் பேசினான்.

"அக்கா. ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்."

நிறுத்தத்தின் பெயரைக் கூவும் குரல். கடைசி இருக்கைக்கும் கேட்கும் குரல். இப்படி ஒரு வரி வருமென்று எனக்குத் தெரியாது. எழுதிய பிறகு கைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னாடா அது?"

"கடன். நீங்க வந்தா இட்லி, வடை, துணி, அல்லாமே கார்டுதான். இனிமே முடியாதுக்கா. இந்த உப்புமாதான் முடியும்."

"எந்தப் பாவிகிட்டடா வாங்கன?"

"ஆளு யாருமே இல்லக்கா."

பிறகு வேணு, தட்டைப் பார்த்தபடி, "எனக்கு எழுவத்தஞ்சாயிரம் மாமா" என்றான். "போன்ல ஒரு ஆப்புல."

அவன் மனைவி சிந்துஜா திரும்பினாள். "இன்னாது? எப்போ?"

"போன வருசம். வண்டிக்கு."

"வண்டி உங்க அண்ணன் குடுத்ததுன்னீங்க?"

வேணுவின் அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "நான் எங்கேந்துடா குடுப்பேன். எனக்கே நகை பேங்க்ல அடகுல இருக்குது. ரெண்டு லட்சத்து பத்து."

மூலையிலிருந்து இன்னொரு எண். ஜன்னலோரம் இன்னொன்று. யாரும் கேட்கவில்லை, சொன்னார்கள். ஒருத்தி கட்டிய புடவையும் ஒருவன் போட்ட மோதிரமும் ஒவ்வொன்றாக எண்களாயின. நாற்பத்தொரு மாதமாக ஒரே கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் அன்றுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சந்திரகலாவுக்கு மேனி சிலிர்த்தது. கோயிலில் சிலிர்ப்பதுபோல.

(இந்தக் காட்சியை நான் முழுதாக நம்பவில்லை. அடிக்கவும் மனம் வரவில்லை.)

பாஞ்சாலை மட்டும் எண் சொல்லவில்லை. உப்புமாவைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள். எழுந்து போய்த் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். தம்பி வீட்டில் அவள் தட்டு கழுவியது அதுவே முதல் முறை.

அது உறவா, விலகலா? சந்திரகலாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது.

"நேரமாவுது. நடங்க" என்றாள் பாஞ்சாலை. தம்பியைப் பார்க்கவில்லை.

8

கிரிவலம் வெறுங்காலில் போவது. வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. சகாதேவன் குனிந்து அவற்றை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தான். சந்திரகலா அவனைத் தடுக்கவில்லை.

தெருமுனையில் ஜனம் ஆறாக ஓடியது. பதினான்கு பேரும் அதில் இறங்கினார்கள். யார் எவ்வளவு கடன்காரர் என்று அந்த ஆற்றில் இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கடனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதை நான் முடித்துவிட்டேன். கூட்டிப் பார்த்தேன், இருபத்து நான்காம் மாதம் பூஜ்யம் வருகிறது. அதில் சந்தேகமே இல்லை.

மற்றது என் கையில் இல்லை. பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு அவர்கள் திரும்பி வருவார்கள். செருப்புக்காக வந்தே ஆக வேண்டும். வாசலிலேயே மாட்டிக்கொண்டு போய்விடலாம். வெந்த காலோடு உள்ளே வந்து, அதே கூடத்தில் படுக்கவும் செய்யலாம்.

சந்திரகலா உள்ளே போய்ப் பதினான்கு பாய்களையும் விரித்தாள். கதவைச் சாத்தவில்லை. விடியும் நேரம், பாஞ்சாலை முதல் ஆளாகத் தெருவுக்குள் திரும்புகிறாள். அவள் கால்களை நீங்கள் பார்க்கிறீர்கள். அவளை எங்கே நிறுத்துவீர்கள்?