பச்சை பெயிண்டுக்கு அடியில்

“இடிச்சவதானே சரிபண்ணணும்? பட்டி, டிங்கரிங், பெயிண்டு எல்லாத்தையும் நீயே பாரு. லாரி ஆர்.டி.ஓ. சோதனையில பாஸாகட்டும், அப்புறம் சாவியைத் தர்றேன்.”

அப்பா இதை நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனும் அண்ணியும் இருக்கும்போது, ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி சொன்னார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றேன். வேறு வழியில்லை. நான் டிரைவராக வேலை பார்க்கும் பார்சல் ஆபீசில், இனிமேல் சொந்த வண்டி இருப்பவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மூட்டுவலி வந்து அப்பா ஓட்டுவதை விட்டதிலிருந்து அந்த லாரி முற்றத்தில் சும்மாதான் நின்றது. அண்ணன் புது வண்டி வாங்கிவிட்டான். நான் எடுக்காவிட்டால் அது பழைய இரும்புக்குப் போகும், நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில், வண்டியைக் கொஞ்சம் முன்னால் எடுத்துப் போடலாம் என்று ஏறினேன். கேட் தூணில் கேபினின் இடது மூலை உரசியது. உரசியதுதான். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த உரசலுக்கே மூலையிலிருந்து ஒரு பெரிய கட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகரம் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. அப்பா ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.

“முப்பது வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டினேனே! ஒரு நிமிஷத்துல கொன்னுட்டியே!” என்று அவர் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. அம்மாவுக்கும் விழுந்தது: “பொம்பளப் புள்ளைய வளர்த்த லட்சணம்!” யாரையும் கிட்டே விடாமல் அன்றைக்கே அவரே பட்டி பூசி, மஞ்சள் பெயிண்ட் அடித்து மூடினார். அதற்குப் பிறகு அந்த லாரியின் ஸ்டீயரிங்கை நான் தொட்டதில்லை. பார்சல் ஆபீஸ் வண்டியில் கற்றுக்கொண்டு லைசன்ஸ் வாங்கினேன். ஊரெல்லாம் வண்டி ஓட்டினேன். ஆனால் வீட்டில் நான் இடிராணிதான். அண்ணன் வைத்த பெயர் அது. டீக்கடையில் அப்பாவுக்கும் ஒரு பெயர் உண்டு, கீறல்படாதவர். அந்தப் பெயரை யாராவது சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, இடிராணி வேலையை ஆரம்பித்தாள்.

பெயிண்ட் வேலை என்றால் எல்லாரும் பெயிண்ட் அடிப்பதை நினைக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பது கடைசி நாள் கூத்து. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தேய்ப்பு. சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினேன். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினேன். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு கதவு, கூரை, மட்கார்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். மூக்கில் துணி கட்டியிருந்தும் சளி மஞ்சளாக வந்தது. விரல் நுனியில் ரேகை தேய்ந்து, ஆபீசில் போன் திறக்க மறுத்தது. போகிறவர்களும் வருகிறவர்களும் நின்று யோசனை சொன்னார்கள். ஓசியில் கிடைப்பது அது ஒன்றுதானே. பழசெல்லாம் கிடக்கட்டும், மேலேயே அடித்துவிடு என்றார் ஒருவர். அவர் வீட்டுச் சுவரில் பெயிண்ட் ஏன் அப்பளம் மாதிரி உரிகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். எல்லா இடத்திலும் குறை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறையே கிடையாது.

“அந்த இடது மூலையத் தொடாத. நான் பார்த்த பட்டி, கல்லு மாதிரி நிக்கும். மேலாப்புல ஒரு தேய் தேய்ச்சுப் பெயிண்ட அடி.”

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வண்டி முழுக்க வைத்துப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. தகரம் இருந்தால் ஒட்டும், பட்டி இருந்தால் ஒட்டாது. இடது மூலையில் அது எங்கே வைத்தாலும் வழுக்கிக்கொண்டு விழுந்தது. விரலால் தட்டினால் சுவரைத் தட்டுகிற சத்தம். ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சோதனைக்காரர் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அமுக்கினால் போதும், கை உள்ளே போய்விடும். வண்டி அங்கேயே ஃபெயில்.

மதியம் அப்பா சாப்பிட்டுப் படுத்ததும் உளியை எடுத்தேன்.

முதலில் மஞ்சள். அதன் கீழே என் உரசலுக்குப் பிறகு அப்பா பூசிய பட்டி, பெயர்ந்த குழியை அடைக்கிற அளவுக்கு மட்டும். அன்றைக்குப் பெயராமல் நின்ற பழைய பட்டி சுற்றிலும் அப்படியே இருந்தது. ஓரத்தைச் சரிவாகத் தேய்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். மஞ்சள், அதன் கீழே பச்சை, பச்சையின் கீழே இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி, பட்டிக்குள் ஒரு கம்பிவலை, வலைக்குப் பின்னால் கசங்கிய தகரம்.

கை நின்றுவிட்டது. பச்சை.

அந்த லாரி பச்சையாக இருந்தது நான் பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில். நான் படிப்பை முடித்த வருஷம்தான் மஞ்சள் அடித்தார்கள். பட்டிக்கு மேலே பச்சை இருக்கிறதென்றால், வண்டி பச்சையாக இருந்தபோதே, எனக்கு பெடல் எட்டாத வயதிலேயே, அந்த மூலை நசுங்கிவிட்டது. யாரோ இடித்து, வலையை வைத்து, பட்டியை அப்பி, பச்சை அடித்து மறைத்திருக்கிறார்கள். என் உரசலில் விழுந்தது அந்தக் கட்டி. நான் தகரத்தைத் தொடவே இல்லை.

அண்ணன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“பாருண்ணே. இது என்ன கலரு?”

“பச்சை.”

“பட்டிக்கு மேலயா, கீழயா?”

குனிந்து பார்த்தான். அவனும் டிரைவர்தான், சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“சரி விடு. வயசான மனுஷன்.”

விடு! இந்த வார்த்தையை அடித்தவரிடம் யாரும் சொல்வதில்லை. அடிபட்டவரைத் தேடிப் பிடித்துத்தான் சொல்கிறார்கள். “இத்தனை வருஷம் இடிராணி, இடிராணின்னு கூப்பிட்டியே, ஒரு நாளாவது விட்டியா நீ?” என்றேன். அவன் போனைப் பார்த்தான். போனில் ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அவளுக்குப் பச்சையும் மஞ்சளும் முக்கியமாகப் படவில்லை. பட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிவலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஓரத்தில் சிவப்புத் துணிப்பட்டை வைத்துத் தைத்திருந்தது.

“இது நம்ம சமையக்கட்டு ஜன்னல் வலை!”

“என்னம்மா சொல்ற?”

“நான் என் கையால தைச்ச பட்டைடி இது. நீ தவழ்ந்துட்டிருந்த வருஷம். ஒரு நாள் பார்த்தா ஜன்னல்ல வலையக் காணோம். பழைய இரும்புக்காரன் திருடிட்டான்னு அவரே சொன்னாரு. நானும் நம்பி, தெருவுல வச்சு அந்த ஆளை நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே! அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல.”

அம்மா அந்த வலையை விடவே இல்லை. ஏமாந்த கோபம் ஒரு பக்கம், ஒரு மனிதனைத் திருடனாக்கிய பாவம் ஒரு பக்கம். “எழுப்புறேன் இரு” என்று உள்ளே போனாள். அப்பா எழுந்து வந்தார். மூலையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

“தொடாதன்னு சொன்னேன்ல?”

முதல் வார்த்தை அதுதான். சுரண்டியது குற்றம், இடித்தது அல்ல.

“யாருப்பா இடிச்சது?”

“போனதை எதுக்குத் தோண்டுற?”

“நான் தோண்டல. பட்டி பார்க்கச் சொன்னீங்க, பார்த்தேன்.”

நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “மழையில ஒரு பாலத்துச் சுவர்ல பட்டுடுச்சு. வெளிய தெரிஞ்சா யாரு லோடு குடுப்பா? பேரை வச்சுத்தான் எனக்கு வேலை வந்தது.”

“அது உங்க பேரு. என் பேரு?”

“உனக்கென்ன நஷ்டம்? நான் இடிச்சேன்னா என் பொழப்பு போயிடும். நீ இடிச்சேன்னா என்ன போகும்? நீ என்ன வண்டி ஓட்டவா போறன்னு அப்ப நெனச்சேன்.”

இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணக்கு விளங்காத பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி, உண்மையாகவே எனக்குப் புரியவில்லையே என்ற அலுப்பில் சொன்னார். அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தப் பொய்யில் நான் இழக்க ஏதாவது இருக்கிறதா என்று அவர் ஒரு நாளும் தேடிப் பார்க்கவில்லை. நான் ஆசைப்பட்டது அவர் கண்ணில் ஒரு பொருளாகவே படவில்லை.

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். “சாவிதானே வேணும்? இந்தா. திரும்பப் பட்டியப் போட்டு மூடிடு. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்.”

வாங்கிக்கொண்டேன். அப்படியே கேபினில் ஏறினேன்.

“எங்க போற? மூடுறேன்னியே?”

“சாவிய வாங்கினேன். மூடுறேன்னு சொல்லலையே.”

பாட்டரி போன வாரமே மாற்றியிருந்தேன், ஆனாலும் இரண்டு தடவை முக்கித்தான் எஞ்சின் கிளம்பியது. பாதி மஞ்சள், பாதி பிரைமர் அடித்த சாம்பல், மூலையில் பிளந்த வாய். அந்தக் கோலத்தில் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் இடம் மிச்சம் இருந்தது. டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இரண்டாவது கியரிலேயே வெல்டிங் கடைக்குப் போனேன்.

வெல்டர் தன் கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். அப்பாவின் வயதுக்காரர், டீக்கடை பெஞ்சில் அவருக்கும் ஒரு இடம் உண்டு. மூலைக்கு வந்ததும் சிரித்துவிட்டார்.

“அடடா, இதுதான் அன்னைக்கு நீ செஞ்ச கைவரிசையாம்மா?”

“இல்லைங்க. அப்பா செஞ்சது.”

“சும்மா சொல்லாத. அந்த மனுஷன் ஒரு கீறல்…”

“போன் போட்டுக் கேளுங்க.”

விளையாட்டாகத்தான் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். கடையில் வெல்டிங் நின்றிருந்ததால் மணி அடிப்பது எல்லாருக்கும் கேட்டது.

“உங்க பொண்ணு வண்டியோட வந்திருக்கு. இடது மூலையில இடிச்சது நீங்கன்னு சொல்லுதே!”

எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா வேலை சொல்கிற குரலில் சொன்னார்: “துரு எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பார்த்து, நல்ல தகரமா வச்சு அடிங்க. அவ ஓட்டப் போற வண்டி.”

வெல்டருக்கு அது போதும்போல இருந்தது, போனை வைக்கப் போனார். எனக்குப் போதவில்லை. நான் ஓட்டப் போகிறேன் என்று அவர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

“அப்பா, அவர் கேட்டது அது இல்ல” என்றேன்.

 பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, ஆனால் மெதுவாகப் பேசவில்லை.

“நான்தான்” என்றார் அப்பா. “அவ இல்ல.”

போனை வைத்துவிட்டார். வெல்டர் என் முகத்தைப் பார்க்காமல் கையுறையைத் துழாவினார். இந்த வார்த்தை ஒரு நாள் வந்தால் நெஞ்சு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். குளிரவில்லை. இன்னும் எரிந்தது. இவ்வளவுதானா? சொல்வதற்கு ஒரு மூச்சுகூடச் செலவாகவில்லையே. இதையா பதினோரு வருஷம் தராமல் வைத்திருந்தார்?

“பட்டி போட்டே சமாளிக்கலாம்மா, வேலை சீக்கிரம் முடியும்” என்றார் வெல்டர்.

“வேண்டாம்” என்றேன். “நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டுங்க.”